உள்ளே இன்னும் ஒருவன்

நவம்பர் 4

இறால் கம்பெனியில் இன்று வேலைக்குச் சேர்ந்தேன். செக்யூரிட்டி சூப்பர்வைசர், பகல் ஷிப்ட். கேட்டில் லாரி எண் எழுத வேண்டும், உள்ளே வருகிறவர்களுக்கு பாஸ் கொடுக்க வேண்டும், வாட்ச்மேன்கள் தூங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேனேஜர் என் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஹவில்தார் சுயம்புலிங்கம். நல்லது சார். மிலிட்டரிக்காரங்கன்னா எங்களுக்கு ஒரு நிம்மதி" என்றார்.

தங்கபுஷ்பத்துக்குப் போன் போட்டேன். "சரி" என்றாள். பிறகு, "இந்த வேலயயாவது விட்டுறாதிய" என்றாள்.

அவளும் சௌமியாவும் உடன்குடியில், பால்துரை மச்சான் வீட்டில் இருக்கிறார்கள். தங்கபுஷ்பத்துக்கு மூத்த அண்ணன் அவர். தூத்துக்குடிச் சத்தத்தில் பிள்ளைக்குப் படிப்பு ஓடவில்லை. டீ.சி. வாங்கி அங்கேயே எட்டாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் வந்துவிடுவார்கள்.

நவம்பர் 6

சோறு குழைந்துவிட்டது. தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். வலது பாதத்தில் விரல்கள் இருந்த இடத்தில் புது ஷூ உரசுகிறது. பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். யாரும் கவனிக்கவில்லை.

நவம்பர் 8

மேனேஜர் கூப்பிட்டு, கோல்டு ரூமையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஏற்றுமதிக்குப் போகும் இறாலைப் பெட்டி பெட்டியாகக் கூரை வரை அடுக்கி வைத்திருக்கும் பெரிய குளிர் அறை. உள்ளே போய் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும், பெட்டிகளில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை.

"சின்ன வேலைதான் சார். நீங்க பாக்காத குளிரா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையோடு தரையாக வெளியே வந்து கால்மேல் ஏறியது. எனக்கு வயிறு சரியில்லை. முந்தாநாள் தயிர் புளித்திருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் லூர்தம்மாள் என்ற பெண் உள்ளே போய்ப் பார்த்து, மீட்டர் எண்ணை ஒரு அட்டைத் துண்டில் எழுதி வைத்திருந்தாள்.

நவம்பர் 11

இன்றும் வயிறு சரியில்லை. லூர்தம்மாள் போனாள்.

நவம்பர் 16

ஞாயிறு. உடன்குடி போய் வந்தேன். சௌமியாவுக்கு மக்ரூன் வாங்கிப் போனேன். வளர்ந்திருக்கிறாள். இடது கையால் வாங்கிக்கொண்டாள். வலது தோளை இன்னும் மேலே தூக்க முடியவில்லை; வாரம் ஒரு நாள் திருச்செந்தூருக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறார்களாம். விளையாட்டில் விழுந்ததில் பட்டது. இந்த வயதில் எலும்பு சீக்கிரம் சரியாகிவிடும்.

மத்தியானம் அயிரை மீன் குழம்பு. வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டது. விழித்தபோது வீட்டில் யாரும் இல்லை. எழுந்து வெளியே வந்தேன். தங்கபுஷ்பம், சௌமியா, மச்சான், மச்சான் சம்சாரம் எல்லோரும் முற்றத்து வேம்படியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏன் வெளிய நிக்கிய?" என்றேன்.

"உள்ள புழுக்கமா இருந்துச்சு" என்றாள் தங்கபுஷ்பம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சௌமியாவின் தலைமுடி நனைந்திருந்தது.

மச்சான் என் தோளில் கை போட்டு வாசல்வரை கூட்டி வந்தார். "மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. ராத்திரி தங்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிருங்க."

பஸ் ஸ்டாண்டுக்குத் தங்கபுஷ்பம் வந்தாள். "ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு எத்தன தடவ கூப்புட்டுட்டேன்" என்றாள்.

"எனக்கு என்ன? நல்லாத்தான இருக்கேன்."

"அப்ப சௌமியா கைக்கு யாரு பதில் சொல்லுதது?"

பஸ் வந்துவிட்டது.

நவம்பர் 19

மழை. கேட்டில் தண்ணீர். பதினோரு லாரி.

நவம்பர் 22

காலையில் எழுந்து பார்த்தால் பீரோத் துணி முழுதும் தரையில் கிடக்கிறது. மெத்தையில் ஒரு பக்கம் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருக்கிறது. துணிகளை அடுக்கி வைக்கலாம் என்று இரவில் எடுத்துப் போட்டிருப்பேன். நகம் இரண்டு உடைந்திருக்கின்றன. பெட்டியை நகர்த்தும்போது பட்டிருக்கும். மிலிட்டரி கேன்டீன் ரம் தூக்கத்துக்காக மட்டும்தான். நேற்றுக் கொஞ்சம் கூடிவிட்டது.

கீழ்வீட்டு நமசிவாயம் படிக்கட்டில் நிறுத்தி, "சார், ராத்திரி வீட்டுல யாரும் வந்திருந்தாங்களா? யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்களே" என்றார். டீவி என்றேன். டீவி ரிப்பேராகிக் கிடப்பது அவருக்குத் தெரியாது.

நவம்பர் 25

லூர்தம்மாள் இன்று நேராகவே கேட்டுவிட்டாள். "அண்ணாச்சி, ஒங்களுக்கு அந்த ரூமுக்குள்ள போவ முடியல, அப்படித்தான?"

"வயிறு..."

"வயிறு கெடக்கட்டும். எங்க வீட்டுக்காரரு வள்ளம் கவுந்து ஒரு ராத்திரி பூரா தண்ணியில கெடந்தாரு. அதுக்குப் பெறகு மீன் கழுவுத தண்ணியப் பாத்தாலே ஒதுங்கிப் போவாரு. இப்ப சைக்கிள்ல ஐஸ் விக்காரு. என்ன கொறஞ்சி போச்சி?" குளிர் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க கதவுப் பக்கம் நில்லுங்க. நான் பாத்துட்டு வாரேன். மேனேஜரு கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நான் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 30

போனில் சௌமியா பேசினாள். கணக்கில் நல்ல மார்க். "நல்லா தூங்குதியளாப்பா?" என்று கேட்டாள். பிள்ளை கேட்கிற கேள்வியா இது? நல்லா தூங்குகிறேன் என்றேன்.

டிசம்பர் 7

தங்கபுஷ்பம் வந்தாள். தனியாகத்தான். நேற்று முழுதும் வீட்டைக் கழுவியிருந்தேன். மெத்தையைத் திருப்பிப் போட்டு மேலே புது விரிப்பு விரித்திருந்தேன். அவள் விரிப்பை விலக்கி, மெத்தையைப் புரட்டிப் பார்த்தாள். அடுப்புக்குக் கீழே இருந்த பாட்டில்களை எடுத்துச் சாக்கில் கட்டி வெளியே வைத்தாள். பிறகு என் சட்டைகளைத் துவைத்தாள், ரசம் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள்.

"வேலைக்கு ஒழுங்காப் போறிய போல" என்றாள்.

"ஒரு நாள் லீவு போடல."

யோசித்தாள். "அரையாண்டு லீவுல அவளக் கூட்டிட்டு வாரேன். காலையில வந்து சாயங்காலம் போயிருவோம். பகல் மட்டும்."

பகல் மட்டும் என்றாலும் அது ஒரு முழுப் பகல். அவள் போன பிறகு சௌமியாவின் படிப்பு மேசையைத் துடைத்து வைத்தேன். இந்த வேலையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். எப்படியாவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 13

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. விரல்களில் கட்டுப் போட்டிருக்கிறது. பேனா பிடிக்கச் சிரமமாக இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம். லோடு ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வழக்கம்போல லூர்தம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு கோல்டு ரூமுக்குள் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். சற்று நேரத்தில் உள்ளே தடதடவென்று பெரிய சத்தம். பெட்டி அடுக்கு ஒன்று சரிந்துவிட்டது. அந்தச் சத்தம் அடங்கியதும் "அண்ணாச்சி" என்று ஒரு குரல். ஒரே ஒரு தடவை.

உள்ளே போனது எனக்கு ஞாபகம் இல்லை. உள்ளே இருந்தது ஞாபகம் இருக்கிறது. பெட்டிகளைத் தூக்கிப் பின்னால் எறிந்துகொண்டிருந்தேன். உறைந்த இறால் பெட்டி கல் மாதிரி இருக்கும். சில பெட்டிகள் உடைந்து ஐஸ் சிதறிக் கிடந்தது. முதலில் ஒரு ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. பிறகு கோட். சத்தம் கேட்டு ஓடி வந்த லோடு ஆட்களும் சேர்ந்து இழுத்து லூர்தம்மாளை வெளியே எடுத்தோம். மூச்சு இருந்தது. இடது கால் முறிந்திருந்தது. கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இதுவரை எல்லோரும் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான். இதற்குப் பிறகு எனக்குத் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது.

நான் திரும்பவும் உள்ளே போய்விட்டேன். "உள்ள இன்னொருத்தன் இருக்கான்" என்று கத்திக்கொண்டே மிச்சம் நின்ற அடுக்குகளையும் பிரித்துத் தள்ளியிருக்கிறேன். மேனேஜர் பயந்துபோய் மணியடித்து எல்லோரையும் முற்றத்துக்கு வரவழைத்திருக்கிறார். பெயர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். யாரும் குறையவில்லை.

கதவருகே நின்று, "சார், எல்லாரும் வெளிய இருக்காங்க. வாங்க" என்று கூப்பிட்டார். அது ஞாபகம் இருக்கிறது. சரியாகப் பார்க்காமல் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. அன்றும் இப்படித்தான் சொன்னார்கள். நான் தோண்டினேன். லோடு ஆள் ஒருவர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தார். திரும்பி அடித்தேன். அவர் மூக்கில் ரத்தம் வந்தது. நாலைந்து பேர் சேர்ந்து என்னைத் தரையோடு அமுக்கி வெளியே இழுத்து வந்தார்கள். வெயிலில் கிடத்தினார்கள். கைவிரல் எல்லாம் தோல் உரிந்திருந்தது. எனக்கு வலிக்கவில்லை.

மேனேஜர் குனிந்து, "மாதேஷ் மாதேஷுன்னு கூப்பிடுதீங்களே, அப்படி யாரும் இங்க வேல பாக்கலியே சார்" என்றார்.

எனக்குத் தெரியும். அப்போதும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் குரல் கேட்டது.

ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஒரு உயிரக் காப்பாத்தியிருக்கீங்க. அத மறக்க மாட்டோம்" என்றார் மேனேஜர். "ஆனா இனிமே வர வேண்டாம் சார்."

என் ரவுண்டுக்குத்தான் லூர்தம்மாள் போனாள். அதை அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 14

பகல் முழுதும் படுத்திருந்தேன். தூங்கவில்லை. சௌமியாவின் மேசை சுத்தமாக இருக்கிறது. அவளை இந்த வீட்டுக்குக் கூட்டி வரவே கூடாது என்று தோன்றியது. பிறகு, நான் இல்லாமல் போனால் அவர்கள் தாராளமாக வந்து இருக்கலாம் என்று தோன்றியது. அது ரொம்ப நல்ல யோசனையாகத் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

மாடியில் கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்துச் சுருட்டி, கீழே நமசிவாயம் வீட்டுக் கதவைத் தட்டிக் கையில் கொடுத்தேன்.

"என்ன சார் இது?"

"உங்க கிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் தர வேண்டாம்."

அவர் கயிற்றையும் பார்த்தார், என் கைக்கட்டையும் பார்த்தார். உள்ளே வரச்சொல்லி உட்கார வைத்தார். அவர் சம்சாரம் காபி கொடுத்தாள். அவர் போனிலிருந்தே தங்கபுஷ்பத்துக்குப் பேசினேன்.

"வா" என்றேன். நமசிவாயம் வீட்டில் இருக்கிறேன் என்றேன்.

"நான் வர்ற வரைக்கும் அங்கயே இருங்க. எந்திரிக்கக் கூடாது" என்றாள்.

அவளும் மச்சானும் வரும்வரை நமசிவாயம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, பேப்பரில் இருந்த செய்தியெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டினார்.

டிசம்பர் 15

ஆஸ்பத்திரி. மனநல வார்டு. அட்மிஷன் போட்டாயிற்று.

டாக்டர் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எப்போதிலிருந்து தூக்கம் இல்லை என்று கேட்டார். இப்போது கொஞ்ச நாளாகத்தான் என்றேன்.

"அவிய சொல்லுதது பொய் டாக்டர்" என்றாள் தங்கபுஷ்பம். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "ரிட்டையராகி வந்ததுல இருந்தே இப்படித்தான். ஆடி மாசம், தூங்கிட்டிருந்த பிள்ளையப் போர்வையோட இழுத்துத் தரையில போட்டாரு. மேல இருந்து என்னத்தையோ அள்ளி அள்ளி வீசுத மாதிரி செய்தாரு. பிள்ள கத்துது. கைய விடாம இழுக்காரு. தோள்பட்ட நழுவிட்டு. விளக்கப் போட்ட பெறகுதான் முழிச்சாரு. முழிச்சி, 'ஏன் அழுதா?'ன்னு எங்கிட்ட கேக்காரு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சௌமியா விளையாட்டில் விழுந்தாள் என்று முந்தைய பக்கம் ஒன்றில் எழுதியிருக்கிறேன்.

"மாதேஷ் யாரு?" என்றார் டாக்டர்.

சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தருமபுரிக்காரன். என் செக்ஷனில் இருந்தான். பனிமலைப் போஸ்ட்டில் ஒரே கூடாரத்தில் இருந்தோம். ஒரு விடியற்காலம் மலை சரிந்து எங்கள்மேல் விழுந்தது. கண் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. நான் குப்புறக் கிடந்தேன், ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. வாய்க்கு முன்னால் மட்டும் கொஞ்சம் இடம். அவன் குரல் பக்கத்திலேயே கேட்டது.

"அண்ணா, வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். இரு" என்றேன்.

வேறு என்ன சொல்வது? அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். நானும் வந்துட்டேன், வந்துட்டேன் என்று சொன்னேன். நான் தோண்டிக்கொண்டு வருவதாகவே அவன் நம்பினான். கடைசியில், "இப்ப குளிரலண்ணா" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நான் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மேலேயிருந்து தோண்டி என்னை எடுத்தார்கள். உள்ளே இன்னொருத்தன் இருக்கிறான் என்றேன். எல்லோரையும் எடுத்தாயிற்று என்றார்கள். எனக்குப் புத்தி தடுமாறியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் கால்விரல்களை எடுத்த அன்று, மாதேஷ் உடல் கிடைத்துவிட்டது என்று வந்து சொன்னார்கள். நான் படுத்திருந்த இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

"இது எந்த வருசம்?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

"சௌமியா பிறந்த வருசம்."

"பிள்ளையப் பாக்க வந்தப்ப, கால்ல பனி கடிச்சிட்டுன்னு மட்டும்தான சொன்னிய."

"ஆமா."

அவள் எழுந்து வெளியே போனாள். வெகு நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "மேக்கொண்டு என்ன செய்யணும் டாக்டர்?" என்றாள்.

டிசம்பர் 17

மாத்திரை. நாக்கு தடித்துப்போகிறது. மச்சான் ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்து வைத்து, ஒன்றை உரித்தும் கொடுத்தார். லூர்தம்மாளுக்குக் காலில் ஆபரேஷன் முடிந்ததாம். தங்கபுஷ்பம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அண்ணாச்சிய நல்லாப் பாத்துக்கோம்மான்னு அவ எனக்குச் சொல்லுதா" என்றாள்.

டிசம்பர் 18

மோசமான நாள். எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 21

ஞாயிறு. அவர்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சௌமியா வருவாள் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பையோடு வந்திருந்தாள். கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் வாசல் ஓரமாகவே நின்றாள். வீட்டுக்கு எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "இப்போதைக்கு வீட்டப் பத்திப் பேச வேண்டாம். நீங்க இங்க இருந்து டாக்டர் சொல்லுத மாதிரி கேளுங்க. நான் அங்க அவளப் பாத்துக்கிடுதேன். ஒங்களயும் விட்டுற மாட்டேன்."

சௌமியாவிடம் ஏதேதோ பேச நினைத்திருந்தேன். தோளைப் பற்றிப் பேச வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். பரீட்சை எப்படி எழுதினாய் என்று மட்டும் கேட்டேன். அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாத்திரை அசத்திவிட்டது. தூங்கிவிடக் கூடாது, இவள் முன்னால் தூங்கவே கூடாது என்று கண்ணை இழுத்து இழுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

விழித்தபோது வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. ஸ்டூல் கட்டிலை ஒட்டி வந்திருந்தது. சௌமியா அதில் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, ஒரு கையால் அவள் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"தூக்கத்துல பேசினியப்பா" என்றாள் சௌமியா.

"என்னம்மா பேசினேன்?"

"வந்துட்டேன், வந்துட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்திய. கைய கைய அசைச்சிய. அம்மா எந்திரிச்சு வரச் சொன்னா. நான் போவல."

"பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருந்துச்சு." பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "யாராவது பதில் சொல்லணும்போல இருந்துச்சு. அதான், 'சரி, வந்துட்டிய'ன்னு சொன்னேன். அதுக்குப் பெறகு நீங்க பேசல. நல்லாத் தூங்கிட்டிய."